பாய்லரின் பீடம்

தேநீர்க் கடையைப் பாலையும் தூளையும் கொண்டு மதிப்பிடுவதே வழக்கம் எனினும், தாம்பரம் தொடங்கிப் பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் கரி பாய்லரை இன்னும் கைவிடாத கடை எதுவாயினும், முதலில் கவனிக்கத் தக்கது அந்தப் பாய்லர் அமர்ந்திருக்கும் பீடமே ஆகும்.

பாய்லர் என்பது செம்பு அல்லது பித்தளையாலான உருளைக் கலம். அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல் செல்ல, குழலுக்குள் கரித்தணலும் குழலைச் சுற்றி நீரும் நிற்கும். ரஷ்யாவின் சமோவாரும் இதே அமைப்புடையதே. அடுப்பு வேறு, பாத்திரம் வேறு என்ற பிரிவு இதில் இல்லாமையால், கலத்தை உயர்த்தி வைத்தால் நெருப்பும் உடன் உயர்ந்துவிடுகிறது. அதன்பின் கலத்தின் கீழ்ப்புறத்தில் உள்ள திருகைத் திறந்த அளவில் கொதிநீர் தன் எடையாலேயே இறங்கி வருகிறது. கல்யாணச் சமையற்கட்டில் கஞ்சி வடிக்கக் கொதிக்கும் அண்டாவை இருவர் பிடித்துச் சாய்க்க வேண்டியிருப்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புலப்படும். இங்கே மனிதர் தூக்க வேண்டியது பச்சைத் தண்ணீரை மட்டுமே.

1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கிய நாள்முதல் வண்டிக்கு வண்டி பயணிகள் திரளாக இறங்கும் ஊரில், ஒரே நேரத்தில் பத்துக் கிளாஸ் கேட்கப்படும்போது இவ்வசதி பெரிதும் உதவும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. திருகின் வாய் டீ மாஸ்டரின் முழங்கை மட்டத்தில் நிற்பதும், அதற்கும் துணி வடிகட்டி தொங்கும் குவளைக்கும் இடையே ஒரு சாணுக்கு மேற்படாமல் இருப்பதும் நன்று. அதற்கு மேல் போனால் நீர் தெறித்து மணிக்கட்டைச் சுடும், கீழே போனால் குவளையைச் சாய்த்துப் பிடிக்க நேரும். 20 லிட்டர் நீரே 20 கிலோ எடையாகும் என்பதால், பீடத்தின் கால்கள் கலத்தின் அடிப்பாகத்தைவிட அகன்று ஊன்றியிருக்க வேண்டும். அடியில் சாம்பலும் கங்கும் உதிரும் ஆகையால் மரமேசை ஒருபோதும் ஏற்றதன்று. செங்கல் மேடையே யாவற்றிலும் சிறந்தது.

நீர் குறையக் குறைய விசையும் குறைகிறது. திருகுக்கு மேலுள்ள நீரின் ஆழம் காற்பங்கானால் ஓட்டத்தின் வேகம் பாதியாகும். வடிகட்டியில் விழும் நீரின் ஓசை தணிவதைக் கேட்டே தேர்ந்த மாஸ்டர் அடுத்த குடத்தை ஊற்றிவிடுவார். அந்தக் காது இல்லாதவர் கையில் பாய்லர் ஆபத்தான பொருள். ஏனெனில் நீர் வற்றிய குழலைத் தணல் தனியே காய்ச்சும்போது, 232 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீயப் பூச்சு கெட, பற்றுவைத்த மூட்டுகளும் விட்டுப்போகும். திருகு அடித்தட்டை ஒட்டாமல் இரண்டு விரல் மேலே இருப்பதும் காரணத்தோடுதான்: புறநகர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவு கீழே தங்க, தெளிந்த நீர் மட்டுமே வெளியேறும், திருகில் நீர் வருவது நின்ற பின்னும் சிறிது நீர் எஞ்சித் தணலிலிருந்து அடிப்பாகத்தைக் காக்கும்.

கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு உண்டு. ஆகவே பாய்லருக்கு உரிய இடம் தெருப்பக்கம் திறந்த கடை முகப்பே. புதிதாகப் பாய்லர் வைப்போர் பீடத்தை மட்டம் பார்த்து, நீரை நிரப்பி, அதன் பின்னரே கரியை இடுக.