உரையளவையும் ஊர்வழக்கும்: யாழ்ப்பாணச் சமய கண்டனங்கள் பற்றிய ஒரு நோக்கு

சமய நூல்கள் நம்பத்தக்கனவா, கடவுள் உண்டென்பதற்குச் சான்று யாது என்னும் வினாக்கள் தமிழிலக்கியத்துக்குப் புதியனவல்ல. மணிமேகலையிலே சமயக்கணக்கர் தத்தம் திறம் உரைக்கும் காதை அளவைவாதியின் கூற்றோடு தொடங்குகின்றது. சிவஞானசித்தியார் பரபக்கத்திலே உலகாயதனே முதற்கண் மறுக்கப்படுகின்றான். காண்டல், கருதல், உரை என அளவைகளை மூன்றாக அடக்கிக் கூறுவது சித்தாந்த மரபு. இவற்றுட் காண்டலை உலகாயதனும் ஒப்புவான். கருதலை வைத்து எதிரியோடு வாதிடலாம். உரையளவையே இடர்ப்பாடு உடையது. இறைவன் அருளியமையால் நூல் மெய்யானது என்பவர், அருளியவன் இறைவனே என்பதற்கு அந்நூலையே சான்று காட்ட வேண்டியவராகின்றனர். கடவுளின் இருப்பைக் கருதலளவையால் நிறுவ முற்பட்ட அருணந்தி சிவாசாரியாரும் வேதாகமங்களை இறைவன் நூல்களாகவே கொண்டார். பிறர் நூலைத் தருக்கத்தாலே சோதிப்பதும் தம் நூலைப் பிரமாணமாகக் கொள்வதும் கண்டன இலக்கியங்களின் பொதுவியல்பு எனலாம். இவ்வியல்பு 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே எவ்வாறு தொழிற்பட்டது, எவ்விடத்திலே தடைப்பட்டு நின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இலே வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1841இலே உதயதாரகையை வெளியிட்டனர். புராணங்களைத் தாக்குதற்கு அவர்கள் கைக்கொண்ட கருவிகளுள் முதன்மையானது வானியலாகும். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் பற்றி ஊர்ப் பஞ்சாங்கம் செய்த கணிப்பிலே நேர்ந்த பிழை, புராண உலகநூலின் பொய்ம்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. காண்டலளவை உரையளவையை வென்றது என்றே அவர்கள் கொண்டனர். ஆயின் யோசுவாவின் சொற்கேட்டுச் சூரியன் அசையாது நின்றதாகக் கூறும் விவிலியப் பகுதியை இதே அளவையாலே சோதித்தற்கு அவர்கள் ஒருப்படவில்லை. ஐரோப்பாவிலோ அச்சோதனை அப்பொழுதே தொடங்கிவிட்டது. ஸ்ட்ராவுஸ் இயேசுவின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1835இலே வெளிவரத் தொடங்கியது. உதயதாரகை தோன்றிய அதே 1841இலே போயர்பாக்கின் கிறித்தவத்தின் சாரம் வெளியாயிற்று. மிஷனரிமார் கொணர்ந்த பகுத்தறிவு, பிறர் நூலுக்கு மாத்திரம் அளந்து கொடுக்கப்பட்ட பகுத்தறிவாக அமைந்தது.

இந்த முரண்பாட்டை நுணுகிக் கண்டவர் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பிலே பணியாற்றியமையால் அந்நூலைப் பாதிரிமாருக்கு நிகராக அறிந்திருந்தார். 1854இலே வெளிவந்த சைவதூஷண பரிகாரம் அவ்வறிவின் பயனாகும். சைவக் கிரியைகள் பொய்யெனின் பழைய ஏற்பாட்டின் பலியும், தூபமும், ஆசாரியரும், எருசலேம் ஆலயமும் எவ்வாறு மெய்யாகும் என்பது அந்நூலின் அடிநாதமான வினா. எதிரியின் நூலிலிருந்தே மேற்கோள்களை அடுக்கி, அவற்றினின்றும் எதிரி விரும்பாத முடிபை வருவித்தல் அவரது முறை. இம்முறைக்குச் செய்யுளிலும் உரைநடையே ஏற்றது. மேற்கோள், வினா, முடிபு என்னும் ஒழுங்கு வாசகனை நீதிபதியின் ஆசனத்திலே அமர்த்துகின்றது. குருவின் வாய்மொழியைக் கேட்டு அமைந்த மாணாக்கனுக்குப் பதிலாக, அச்சிட்ட இரு நூல்களை ஒப்பிட்டுத் தானே தீர்மானிக்கும் வாசகன் உருவாகின்றான். தமிழ் உரைநடை வரலாற்றிலே இதன் முக்கியத்துவம் பெரிது.

ஆயினும் அத்தருக்கத்தின் எல்லையும் இங்கேயே புலப்படுகின்றது. இரு நூல்களும் ஒரே தன்மையன என்று நிறுவப்பட்டால், இரண்டும் ஒருங்கே நிற்கலாம். ஒருங்கே வீழவும் கூடும். இரண்டாவது வாய்ப்பை நாவலர் எண்ணிப் பார்க்கவில்லை. பாதிரிமாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எதிரெதிர் அணியினர் ஒரே இடத்திலே நின்றுவிடுவதைத் தனிமனிதரின் அறிவுக் குறைபாட்டாலே விளக்க முடியாது. அதன் காரணத்தைச் சமுதாய அடிப்படையிலே தேடுதல் வேண்டும்.

வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றோர் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினர். அவர்கள் வேண்டியது ஆங்கிலக் கல்வியும் அது தரும் அரசாங்க உத்தியோகமுமே. மதம்பரப்பும் நோக்கம் நிறைவேறாது உத்தியோகத்தரே உருவாகின்றனர் என்னும் மனக்குறையால் 1855இலே செமினரி மூடப்பட்டமை இதனை உணர்த்தும். 1848இலே நாவலர் வண்ணார்பண்ணையிலே தொடங்கிய சைவப் பாடசாலையும் அதே வகுப்பாரின் கல்வித் தேவையை அவர்தம் சமயத்தைக் கைவிடாமலே நிறைவேற்ற எழுந்ததாகும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அங்கு இடமிருக்கவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நடைமுறைகள் ஆகமத்துக்கு மாறானவை எனக் கண்டிக்கும் துணிவு நாவலருக்கு இருந்தது. உரையளவையைத் தம் அணியினர்மீதே செலுத்திய நேர்மை அது. ஆனால், கோயில் வாயிலுக்குப் புறத்தே மனிதரை நிறுத்திய வழக்கினை அவர் சாதியாசாரமென ஏற்றார். நூலை ஆராயும் கண் நிலவுடைமைச் சமுதாயத்தின் வேலியருகே வந்ததும் மூடிக்கொண்டது.

அவ்வேலி அசைக்கப்பட்டது கண்டனப் பிரசுரங்களால் அன்று. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றபோது, ஆகமமும் வழக்கமும் அவர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் இருந்தும் போராடியே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. அப்போராட்டத்திலே பொதுவுடைமைவாதிகளும் இருந்தனர். முருகன் சந்நிதியிலே கைகூப்ப விழைந்த பக்தரும் இருந்தனர். அப்பக்தர் கடவுளை ஐயுற்றவரல்லர். கடவுளின் பெயரால் தம்மை விலக்கிய அதிகாரத்தையே மறுத்தனர். சித்தியார் காலந்தொட்டு எழுந்த வாதங்களாலே அசையாத உரையளவை, இங்கே நடைமுறையாகிய அளவையின் முன்னே தளர்ந்தது.

இவ்வுண்மை நம் திறனாய்வாளருட் சாராருக்கு உவப்பாக இராது. நாவலர் நூலைச் சைவத்தின் வெற்றிப் பட்டயமாகப் போற்றுவோர் ஒருபுறம். புராண முரண்களைத் தொகுத்துக் காட்டினால் கடவுள் நம்பிக்கை ஒழிந்துவிடும் எனக் கருதுவோர் மறுபுறம். பின்னவர் தம்மைப் பொருள்முதல்வாதிகள் என அழைத்துக்கொள்ளினும், நூலே மக்களின் நம்பிக்கையைப் படைக்கின்றது எனக் கொள்ளுமிடத்துக் கருத்துமுதல்வாதிகளே ஆகின்றனர். 1844இலே வெளியான ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமரிசன முன்னுரையில் மார்க்ஸ், மதத்திலே மனிதத் துயரத்தின் வெளிப்பாட்டையும் அதற்கெதிரான குரலையும் ஒருங்கே கண்டார். மாவிட்டபுரத்து வாயிலிலே நின்ற பக்தரை விளங்கிக்கொள்ள இவ்விரு கூறும் வேண்டும்.

கடவுள் உண்டோ என்னும் வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. நூற்சான்று கொண்டு அதனை நிறுவ இயலாது என்பது மேலே கூறியவற்றாற் பெறப்படும். ஆயின் அவ்வினாவை யார், எந்நிலையில் நின்று, எவரை நோக்கி எழுப்புகின்றனர் என்பதையும் உடன் ஆராய்தல் திறனாய்வாளரின் கடன். சைவதூஷண பரிகாரத்தையும் அதற்கு இடமளித்த மிஷனரிப் பிரசுரங்களையும் ஒருசேர வைத்து, அவை பேசிய பொருளோடு பேசாது விட்ட பொருளையும் சேர்த்துப் படிக்கும்போதே அக்கால யாழ்ப்பாணச் சமுதாயம் தெளிவாகப் புலப்படும்.