பாஸ் என்றால் சுக்கரெல்லோ பாஸ்!

ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பவருக்குத்தான் கைதட்டல் எல்லாம். எனக்கோ கோலுக்கு முந்தைய அந்த ஒரு நொடிதான் உயிர். அந்த நொடியை மாட்ஸ் சுக்கரெல்லோ அளவுக்கு அழகாக ஆடுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. நார்வே பெற்றெடுத்த ஹாக்கி வீரர்களில் இவரை மிஞ்ச ஆளே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

1987-ல் ஆஸ்லோவில் பிறந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம். ஆறடிக்கு மேல் வளர்ந்த தடுப்பாட்டக்காரர்கள் முழு வேகத்தில் வந்து மோதும் விளையாட்டில் இந்த உயரத்தை யார் மதிப்பார்கள்? வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியும் அவரைச் சீந்தவில்லை. மனுஷன் அசரவில்லை. நார்வே லீகில் ஃபிரிஸ்க் ஆஸ்கர் அணிக்கு ஆடினார், 2008-ல் சுவீடனின் மோடோ அணிக்குப் போனார். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு (அசிஸ்ட்) ஒரு புள்ளி என்பது ஹாக்கிக் கணக்கு. 2009-10 பருவத்தில் 64 புள்ளிகள் எடுத்து சுவீடன் லீகிலேயே முதலிடம் பிடித்தார். களத்தில் எதிர்த்து ஆடியவர்களே வாக்களித்துத் தரும் தங்க ஹெல்மெட் விருதும் அவருக்கே. அந்தக் கோடையிலேயே என்.எச்.எல்.-இன் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது.

தொடக்கத்தில் முதன்மை அணிக்கும் துணை அணிக்கும் இடையே அலைச்சல், நடுவில் ரஷ்யாவில் ஒரு பருவம். திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! 2013-14-ல் 59 புள்ளிகளோடு ரேஞ்சர்ஸ் அணியில் முதலிடம். அந்த ஆண்டே என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் ஆடிய முதல் நார்வேக்காரர் ஆனார். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸிடம் கோப்பை போனது. அது இன்னமும் எனக்கு ஆறவில்லை. நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் நார்வேயில் இரவு ஒரு மணி. ரேஞ்சர்ஸின் சொந்தக் களமான மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கமே அவர் பக் என்னும் ரப்பர் வட்டைத் தொட்டதும் "சூ...க்!" என்று இழுத்துக் கத்தும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வீட்டார் தூக்கம் கெடாமல் வாய்க்குள்ளேயே நானும் கூடக் கத்துவேன்.

அப்படி என்னதான் செய்கிறார்? பலகைச் சுவரோரம் பக்கை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். தடுப்பவர் பாய்ந்து வருவார். மற்றவர்கள் அங்கே பதறிப்போய் பக்கைத் தள்ளிவிடுவார்கள். இவர் தள்ள மாட்டார். வந்தவரின் ஸ்டிக் நீண்டு, எடை ஒரு காலுக்கு மாறும் வரை காத்திருப்பார். மாறியதோ இல்லையோ, நீட்டிய ஸ்டிக்குக்கு மேலே பக் ஒரு சாண் உயரம் பறந்து, அந்தப் பக்கம் நிற்கும் தோழரின் ஸ்டிக்கில் தட்டையாக உட்காரும். கோல்கீப்பர் இன்னும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்!

2015 ஏப்ரல் 24 இரவை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டம். சொந்த அணித் தோழர் ரயன் மெக்டானா அடித்த பக் இவர் தலையில் வந்து மோதியது. மண்டையோட்டில் விரிசல், மூளையில் ரத்தக்கசிவு. பேச்சே வரவில்லை. வார்த்தைகளை மறுபடி பழக வேண்டியிருந்தது. ஹாக்கி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் போனது. அக்டோபர் 30, டொராண்டோவுக்கு எதிராக ஹாட்ரிக்! என்.எச்.எல்.-இல் அவருடைய முதல் ஹாட்ரிக். ரேஞ்சர்ஸ் அடித்த மூன்று கோலும் அவருடையதே. வழக்கப்படி ரசிகர்கள் வீசிய தொப்பிகள் பனித்தரையெங்கும் வந்து விழுந்தன. அந்தப் பருவத்தை 61 புள்ளிகளோடு முடித்தார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

2019-ல் டல்லாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல், ஒரு அசிஸ்ட், கூடவே கை முறிவு. அதையும் தாண்டி பிளேஆஃபுக்கு வந்து நின்றார். அந்தக் கோடையில் மினசோட்டா வைல்ட் அணிக்குப் போனார். அங்கே ரஷ்ய இளைஞர் கிரில் கப்ரிசோவ் பக்கத்தில் ஆடத் தொடங்கியதும்தான் விருந்து! ஒருவர் நினைப்பது மற்றவருக்கு எப்படித்தான் தெரியுமோ. 2021-22 பருவம், 70 ஆட்டம், 79 புள்ளிகள். வேகம் குறைகிற 34 வயதில் வாழ்க்கையின் உச்சம். பார்வையை நம்பி ஆடுகிறவருக்கு வயது ஒரு பொருட்டா?

சுக்கரெல்லோவைச் சீந்தாத அதே டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 2024-க்கு முன் ஒரு நார்வேக்காரர்கூட எடுக்கப்பட்டதில்லை. அந்த ஆண்டு ஒரே சுற்றில் இருவர்: பிராண்ட்செக்-நீகார்டை டெட்ராய்ட்டும் சூல்பெர்கை அனாஹைமும் எடுத்தன. இருவரும் நன்றாக வரட்டும்; ஆசையாகப் பார்ப்பேன்.

சுக்கரெல்லோவின் ஆட்டத்தை இதுவரை பார்க்காதவர்கள், கிடைத்த பழைய ஒளிப்பதிவு எதையாவது போடுங்கள். பக்கைத் துரத்தாதீர்கள், 36-ம் எண் சட்டைக்காரரின் தலையைப் பாருங்கள். பக் வந்து சேரும் முன்னே தோளுக்குப் பின்னால் ஒரு முறை, எதிர்ப்பக்கம் ஒரு முறை பார்த்துவிடுவார்.