முதலில் கரை ஏறுங்கள்

ஜெர்மனியில் ரோத்தன்பர்க் என்றொரு ஊர். இடைக்கால மதில் இன்னமும் ஊரைச் சுற்றி நிற்கிறது. மேலே ஏறி நடக்கலாம். 1945 குண்டுவீச்சில் இடிந்த பகுதியைக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களையும் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். போய் வந்தவர்கள் படங்களைக் காட்டி, "நம்மூர்ல இப்படி ஏது?" என்பார்கள். நான் காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத் பக்கம் கையைக் காட்டுவேன்.

மதிலைத் தேடாதீர்கள். இந்தத் தொண்டை மண்டலத்து ஊர்களைக் காத்தது ஏரிக்கரைதான். அதனால் கோபுரம் கண்ணில் பட்டதும் ஓட வேண்டாம். முதலில் கரை ஏறுங்கள்.

தென்னேரியில் தொடங்கலாம். திரையன் பெயரால் 'திரையனேரி' என்றிருந்ததே தென்னேரி ஆனது என்பார்கள். பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையனை நினைத்துச் சொல்வது அது. கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். தண்ணீரைவிட வயல் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தை நம்பித்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது. அப்படியே நடந்து மதகையும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலங்கலையும் பார்த்துவிட்டு ஊருக்குள் இறங்குங்கள்.

அடுத்தது உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுடையவை. குடத்தில் பெயர் ஓலைகளைப் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த முறைதான் குடவோலை. பலரும் 'ஜனநாயகம்' என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, ஓலை எடுத்து அமைத்த வாரியங்களில், அதாவது குழுக்களில், ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட தனி வாரியம். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும்தான்!

படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். காலை எட்டு மணி சாய்வெயிலில் எழும்பி நிற்கும். வெளிச்சம் போதாவிட்டால் செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது, அதனால் 'க'வா 'க்'கா என்று கொஞ்சம் தடுமாறுவீர்கள். சோழர் கல்வெட்டு எதுவானாலும் தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து 'கோப்பரகேசரி' அல்லது 'கோராஜகேசரி' அகப்பட்டால் அரசன் பட்டத்தைப் பிடித்துவிட்டீர்கள். முதல் முறை அந்த இரண்டு சொல் போதும்.

காஞ்சிபுரத்துக்குக் கடைசியில் வாருங்கள். கோயில்களைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நான் தெருக்களைச் சொல்கிறேன். மாட வீதி அவ்வளவு அகலமாக இருப்பது தேர் ஓடத்தான். தேர் திரும்பும் மூலையில் நின்று பாருங்கள், வீதியின் அளவு புரியும். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். எட்டிப் பார்க்குமுன் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம் மட்டுமில்லை, வீடும்கூட.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். எழுத்து தெரியவில்லை என்று கல்வெட்டின்மேல் விபூதியோ சுண்ணாம்போ தடவாதீர்கள்.