நரசிம்மனும் குழந்தையின் பேச்சும்

இந்தியாவில் ஆக்கப்பெற்ற தொடக்கக் கணனிகளுள் ஒன்றான ரிவ்ராக்கை உருவாக்கியவர் என்றே ஆர். நரசிம்மன் (1926 - 2007) பெரிதும் பேசப்படுகிறார். சென்னையிற் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற அவர், 1954இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்தார். அப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கிற்று. எனினும், செயற்கை நுண்ணறிவாளராக அவரை மதிப்பிடுதற்குரிய களம் வேறு.

1960களின் தொடக்கத்தில் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில், அணுத்துகள்கள் குமிழறையில் விட்டுச்சென்ற தடங்களின் படங்களைக் கணனி கொண்டு ஆராய்ந்தபோது, வாக்கியத்துக்குப் போலவே படத்துக்கும் இலக்கணம் வகுக்கலாமென அவர் காட்டினார். இத்தகையவர் மொழியாய்விலும் இலக்கண விதியையே முதலாகக் கொள்வார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவரோ எதிர்த்திசையிற் சென்றார். 1981இல் வெளிவந்த அவரது நூல் மொழியை ஒரு நடத்தையாகவே காண்கின்றது: ஏவியும் மறுத்தும் வினவியும் பிறரோடு பழகும்போதே குழந்தை பேசக் கற்கின்றது. தமிழ்க் குழந்தையொன்று பெரியோருடன் பேசியவற்றை அவர் குழுவினர் பதிவு செய்தும் ஆராய்ந்தனர். தமிழாய்வாளர் இப்பணியைப் போதிய அளவு கவனித்திலர் என்பது வருந்தத்தக்கது.

ஆயின், ஒரு மொழி உரையாடலை அடியாகக் கொண்ட ஆய்வு எத்துணைத் தொலைவு செல்லும்? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளரும் தமிழ்க் குழந்தை வீட்டிலே தமிழும் தெருவிலே சிங்களமும் இடையிடையே ஆங்கிலமும் கேட்கின்றது. எவரிடம் எம்மொழி என்பதனை எவரும் விதி கூறாமலே அது அறிந்துகொள்கின்றது. நரசிம்மனின் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று கிடைத்தல் அரிது. இன்றைய உரையாடற் பொறிகளோ பெரும்பாலும் எழுத்துக் குவியலிலிருந்தே மொழியைப் பெறுகின்றன. தாயின் முகக்குறிப்பறிந்து சொல்லை மாற்றும் பயிற்சி அவற்றுக்கு வாய்த்ததில்லை.