1780இல் நின்றுபோன முகம்

மஸ்கட்டின் மத்ரா சூக்கில், வெள்ளிக் கடைகளின் பழைய ஓமானிக் கழுத்தணிகளில் ஓர் ஐரோப்பியப் பெண்முகம் தொங்கும். முக்காடிட்ட கைம்பெண். ஆஸ்திரியாவின் மரியா தெரேசா.

அவருடைய முடிசூட்டுக் காசு வேறு. 1741 ஜூன் 25 அன்று பிரெஸ்பர்க்கில், இன்றைய பிராட்டிஸ்லாவாவில், ஹங்கேரியின் முடியை அவர் ஏற்றபோது சிறு வெள்ளிக் காசுகள் வெளியாயின. 'நீதியும் கருணையும்' என்ற அவருடைய வாசகம் அவற்றில் இருந்தது. ஒரு நாளைக் கொண்டாட அடித்த காசு. இன்று சேகரிப்பாளர்களின் பெட்டியில் இருக்கிறது.

அரபு நாடுகளில் புழங்கியது அவருடைய தாலர். எடை சுமார் 28 கிராம்; ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. விளிம்பில் அதே வாசகம். ஆண்டு 1780, அவர் இறந்த ஆண்டு. அதற்குப் பிறகும் வியன்னா, ரோம், லண்டன், 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் நாணயசாலைகூட அதே ஆண்டைப் பொறித்தே அடித்துக்கொண்டிருந்தன. வணிகர்கள் பழகிய முகத்தைத்தான் நம்பினார்கள். முத்துகளை எண்ணிப் பார்த்து, சற்று மாறியிருந்தாலும் வாங்க மறுத்தார்கள். லத்தீன் எழுத்தை யாரும் படிக்கவில்லை. அது அவரைப் பேரரசி என்கிறது. ஆனால் 1745இல் கணவர் பிராங்க்பர்ட்டில் முடிசூடியபோது, தனக்கும் சூட்ட அவர் சம்மதிக்கவில்லை.

இதை ஒரு நாணயத்தின் மாபெரும் வெற்றி என்பார்கள். எனக்கு அதில் ஓர் எச்சரிக்கை தெரிகிறது. வளைகுடாத் தமிழ்க் கதைகளைப் படிக்கும்போது இந்தத் தாலர்தான் நினைவுக்கு வருகிறது. விமான நிலையத்து அழுகை, வாசல் வேப்பமரம், காத்திருக்கும் அம்மா. ஊரைவிட்டுக் கிளம்பிய ஆண்டையே திரும்பத் திரும்பப் பொறிக்கிறோம். முத்து குறையாமல் இருக்கிறதா என்று வாசகர் எண்ணிப் பார்க்கிறார். சரியாக இருந்தால் வாங்கிக்கொள்கிறார். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்து, வேம்பையே விடுமுறையில் மட்டும் பார்த்த பெண் எழுதினால், உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். நானும் அப்படித் திருப்பித் தந்தவன்தான்.

ஓமானியத் தட்டார்கள் வேறொன்று செய்தார்கள். தாலரை உருக்கிக் காப்பு அடித்தார்கள். உருக்காமல் விட்டதற்கு வளையம் பற்றவைத்து, தங்கள் மணிகளோடு கோத்தார்கள். 1780க்குப் பிறகு அந்த முகத்துக்கு நேர்ந்த புதிய விஷயம் அது ஒன்றுதான்.