சுருக்கத்தில் விடுபடக் கூடாதது

நகரத் திட்டம் ஒன்றின் விரிவான அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் நீளும். வரைபடம், மண் பரிசோதனை, விலைப்பட்டியல் என்று இணைப்புகளே தனித் தொகுதிகளாகும். கையெழுத்திட வேண்டிய அதிகாரியும், கடன் தரும் நிறுவனமும், மன்றக் கூட்டத்தில் கை தூக்கும் உறுப்பினரும் பெரும்பாலும் படிப்பது முகப்பில் உள்ள சில பக்கத் திட்டச் சுருக்கத்தைத்தான். முடிவு அங்கேயே ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தச் சில பக்கங்களின் பலம் எது, குறை எது என்பதற்குப் புணே நகரின் முளா–முட்டா ஆற்றுத் தூய்மைத் திட்டம் நல்ல சான்று.

ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவின் கடனுதவியோடு நடக்கும் அத்திட்டத்தை 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு சிறு குறிப்பாக அறிவித்தது. அக்குறிப்பின்படி, புணேயில் நாளொன்றுக்கு 47.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி அப்போதே இருந்தது. 11 புதிய நிலையங்கள் மேலும் 39.6 கோடி லிட்டரைச் சேர்க்கும். மொத்தச் செலவு 990.26 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 841.72 கோடி, மாநகராட்சியின் பங்கு 148.54 கோடி. வேலை முடியும் காலம் 2022 ஜனவரி.

சுருக்கம் எழுதுபவர்கள் இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. என்ன இருக்கிறது, என்ன சேரும், யார் பணம், எப்போது முடியும் என்ற நான்கு கேள்விக்கும் சுற்றி வளைக்காமல் விடை இருக்கிறது. ‘உலகத்தரம்’, ‘முழுமையான வளர்ச்சி’ போன்ற சொற்களை நம்பி நிற்கும் சுருக்கத்தில் பின்னாளில் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. எண்ணும் தேதியும் கொடுத்த சுருக்கம் தன்னைச் சோதிக்கும் கருவியைக் குடிமக்கள் கையிலேயே தந்துவிடுகிறது. இது பெரிய பலம்.

அந்தக் கருவியை எடுத்துச் சோதித்தால் குறையும் தெரிகிறது. வேலை முடிந்திருக்க வேண்டிய 2022 ஜனவரிக்கு இரண்டு மாதம் கழித்து, மார்ச் 6 அன்றுதான் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட செலவு 1,470 கோடிக்கு மேல். நகரம் முழுமைக்கும் நிலையங்களை ஒரே நிறுவனமே இயக்கும் என்ற ஏற்பாட்டின் கீழ் அந்தத் தொகை அறிவிக்கப்பட்டதால் இரண்டு தொகைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. தேதியை அப்படிப் பார்க்கலாம். இடையில் சில இடங்களில் நிலம் கைக்கு வருவது இழுபட்டது. ஒப்பந்தப்புள்ளிகள் மதிப்பீட்டைத் தாண்டி வந்ததால் மறுபடி கோர வேண்டியிருந்தது.

இவை யாரும் எதிர்பாராத விபத்துகள் அல்ல. நெரிசலான நகரத்தில் 11 இடங்களில் நிலையம் கட்டப் போகிறவர்கள் முதல் நாளே யோசிக்கும் விஷயங்கள். ‘2022 ஜனவரிக்குள் பணி முடியும்’ என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வாக்கியம் வந்திருக்கலாம்: ‘11 இடங்களில் இத்தனை இடம் மாநகராட்சி வசம் உள்ளது; மீதி நிலம் இன்ன மாதத்துக்குள் வராவிட்டாலோ, ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டை இவ்வளவு மீறினாலோ இந்தத் தேதி தள்ளிப்போகும்.’ இரண்டு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். நிலத்தை முதலில் முடியுங்கள் என்று கேட்கும் வாய்ப்பு உறுப்பினருக்கும் ஊராருக்கும் அன்றே கிடைத்திருக்கும்.

இத்தகைய விடுபடல் ஒரு குறிப்போடு நிற்பதில்லை, விதியிலேயே இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொது விசாரணைக்கு வரும் திட்டங்களின் சுருக்கம் அதிகபட்சம் 10 ஏ-4 பக்கத்துக்குள் இருக்க வேண்டும், உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும் என்கிறது. அதன்படி மகாராஷ்டிர விவசாயி மராத்தியிலும், தமிழக மீனவர் தமிழிலும் படிக்கலாம். அருமையான ஏற்பாடு இது. ஆனால் சுருக்கத்தில் கட்டாயம் வர வேண்டிய அத்தியாயங்களின் பட்டியலைப் பாருங்கள்: திட்ட விவரம், சுற்றுச்சூழல் நிலை, பாதிப்பும் தணிப்பும், கண்காணிப்பு, கூடுதல் ஆய்வுகள், பயன்கள், மேலாண்மைத் திட்டம். முழு அறிக்கையில் இருக்கும் ‘மாற்று வழிகள்’ அத்தியாயம் பட்டியலில் இல்லை. வேறு இடமோ வேறு தொழில்நுட்பமோ பரிசீலிக்கப்பட்டதா என்பதுதான் விசாரணைக்கு வருபவரின் முதல் கேள்வி. அவர் கைக்கு வரும் பத்துப் பக்கத்தில் அதற்கு விடை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

பலவீனத்தை முகப்பிலேயே எழுதினால் திட்டம் நிராகரிக்கப்படும் என்று தயாரிப்பவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. போட்டி போட்டு நிதி வாங்கும் இடத்தில் தயங்கிப் பேசும் சுருக்கம் பின்தங்கலாம். ஆனால் நிபந்தனையை மறைத்து வாங்கிய ஒப்புதல் அந்த நிபந்தனையைத் தீர்த்துவிடுவதில்லை. அது பின்னால் வரும் பொறியாளர் தலையிலும், அதுவரை சாக்கடை கலந்த ஆற்றங்கரையில் வாழ்பவர் தலையிலும் விழுகிறது.

பழைய இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலின் முன்னுரையான பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் எல்லை, கேட்போர், பயன் மூன்றையும் சேர்க்கிறது. நம் திட்டச் சுருக்கங்கள் பயனை மட்டும் விரிவாகப் பேசுகின்றன. கேட்போர் என்றால் ஒப்புதல் தருபவர் மட்டும் என்று கொள்கின்றன; எல்லை என்பதை வரம்பு என்று நீட்டிப் பொருள் கொண்டால், அதைத் தொடுவதே இல்லை. மாநகராட்சி ஒவ்வொன்றும் இன்றே ஒரு விதி செய்துகொள்ளலாம்: சுருக்கத்தின் முதல் பக்கத்தில், தொகைக்கும் தேதிக்கும் அடுத்தபடியாக, அவை எந்த மூன்று நிபந்தனைகளை நம்பி நிற்கின்றன, பரிசீலித்துக் கைவிட்ட மாற்று எது என்பது வர வேண்டும். அது இல்லாத கோப்பை மன்றம் திருப்பி அனுப்பட்டும்.