கையால் சுற்றிப் பார்

பழைய ராக் கிராலர், அதாவது பாறை ஏறும் ரிமோட் வண்டி, கைக்கு வந்ததும் பாறைக்கு ஓட வேண்டாம். மேசையில் தூக்கி வைத்து, சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் பூட்டியே இருக்கும். இடது சக்கரத்தைச் சுற்றினால் வலதும் அதே திசையில் கூடவே வர வேண்டும். வரவில்லையென்றால் ஆக்ஸில் தண்டு முறிந்திருக்கும். அல்லது சக்கர ஹெக்ஸுக்குள் இருக்கும் சின்னக் குறுக்குப் பின் நழுவியிருக்கும். 2017இல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வேறு மாதிரி: அதன் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே பூட்டலாம், திறக்கலாம். திறந்திருக்கும்போது மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அது கோளாறு அல்ல.

மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லையா? மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனைப் பிடித்திருக்கும் க்ரப் ஸ்க்ரூவைத்தான் முதலில் பார்ப்பேன். தண்டின் தட்டையான பக்கத்தில் அது உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு த்ரெட்லாக்கர். அடுத்தது, ஸ்லிப்பர் கிளட்ச்சின் நட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஏற்றத்தில் மட்டும் ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் ஆக்ஸிலுக்குள் ரிங் கியரின் பல் போயிருக்கும். மூடியைக் கழற்றினால், கறுத்த கிரீஸில் உலோகத் துகள் மினுங்கும். அதை வழித்தெடுத்து, பல் பல்லாக விளக்கில் காட்டிப் பார்க்கும் சுகமே தனி.

கடைசியாக, பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டைக் கொடுத்து, மோட்டாரின் ஸ்க்ரூக்களை முடுக்கி, தாளை உருட்டி எடுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வந்தால் இடைவெளி சரி.